பெரிய காலிப்பரை விட நல்ல ஆயில்

கார்ட் எனும் சிறு பந்தய வண்டிகளுக்கான விதிகளை வகுக்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். கியர் இல்லாத வகுப்புகளில் எந்தப் பிரேக்கை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள அனுமதியுங்கள் என்ற கோரிக்கையை ஏற்க வேண்டாம். டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடும் பிரேக் ஆயிலும் அவரவர் விருப்பமாக இருக்கட்டும். பேடை அழுத்தும் காலிப்பரையும் ஆக்சிலோடு சுழலும் டிஸ்க்கையும் கட்டுக்குள் வைத்திருங்கள்.

இந்த வகுப்புகளில் பிரேக் பொதுவாகப் பின் ஆக்சிலில் மட்டும்தான். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் கிடையாது, ஒரே டிஸ்க் இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நிற்கும்போது ஏறக்குறைய 57 சதவீத எடை பின்னால் இருக்கும். பிரேக் மிதித்ததும் அதில் ஒரு பங்கு முன்னால் போய்விடும், பின் டயரின் பிடிப்பும் அதோடு குறையும். ஒழுங்காகப் பராமரித்த சாதாரணக் காலிப்பரே சக்கரத்தைச் சுழலாமல் பூட்டிவிடும். பூட்டிய பிறகு அதைவிடப் பெரியது என்ன செய்யும்? கார்ட்டைச் சுழற்றும்.

காலிப்பர் பிஸ்டனின் பரப்பை இரட்டித்தால் பாதி விசையில் மிதித்தாலே அதே பிடி கிடைக்கும், ஆனால் மிதி இரு மடங்கு ஆழம் இறங்கும். அதைச் சரிசெய்ய மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தை 19 மி.மீ.யிலிருந்து 22 மி.மீ.க்கு மாற்றுவார்கள். அதே விசையில் மிதித்தால் அழுத்தம் கால் பங்கு குறைந்துவிடும். செலவழித்து, கிடைத்த ஆதாயத்தில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பிக் கொடுக்கிற வேலை இது.

நேரம் உண்மையில் போவது வேறு இடத்தில். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155. டாட் 5.1-க்கு இவை 260, 180. கொதித்தால் ஆவி, ஆவி சுருங்கும், மிதி தரைக்குப் போகும். ஆகவே பழைய ஆயிலில் ஓடும் விலையுயர்ந்த காலிப்பர் புது ஆயிலில் ஓடும் மலிவானதிடம் தோற்கும். (மினரல் ஆயிலுக்கென வந்த சீல்களில் டாட் ஆயிலை ஊற்றினால் சீல் கெடும், மாற்றி ஊற்றினாலும் அதே கதிதான்.)

அடுத்தது உரசல். மிதிக்கம்பியில் ஓரிரு மி.மீ. தளர்வு இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பிப் போகும் துளை திறக்காது, அழுத்தம் உள்ளேயே தங்கும், பேட் டிஸ்க்கை விடாது. நேர்ப்பாதையில் வேகம் குறைய, பழி எஞ்சின் மேல் விழும். செயினைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தூக்கி, மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்க் காலிப்பரின் நடுவில் இல்லாவிட்டாலும் ஒரு பேட் மட்டும் தேயும்.

கியர் உள்ள வகுப்புகள் வேறு. அங்கே முன் சக்கரங்களிலும் பிரேக் உண்டு. முன்-பின் பங்கீட்டைச் சரிசெய்யும் அமைப்புக்குச் செலவழிப்பதில் பொருள் இருக்கிறது.

பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் சக்கரம் சுற்றும் சோதனையைச் சேருங்கள். மிதிக்கும் சிலிண்டருக்குமான இணைப்பு இரட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்; கேபிள் என்றால் குறைந்தது 1.8 மி.மீ. கேபிளை இறுக்கிக் கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். மிதி முழுதாகத் திரும்பாமல், உரசல் அங்கிருந்தும் தொடங்கும்.

இப்படிக்கு,
கார்ட் மெக்கானிக்குகள்