மடியழற்சிச் சோதனையைப் பால் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் பால் சேகரிப்பு நிலையங்களை நடத்துவோருக்கும், கால்நடை வைத்திய சேவைக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம்.

மாரி தொடங்கி மாட்டுப்பட்டிகள் சேறாகிவிட்டால் கறவை மாடுகளுக்கு மடியழற்சி வரும் வாய்ப்பும் கூடிவிடுகிறது. மடி வீங்கிச் சூடாகி, பால் திரிதிரியாக வந்தால் நோயை எவரும் அறிவர். எங்களுக்குப் பெருநட்டம் தருவது வெளியே தெரியாத மடியழற்சியே. பால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கறவை மட்டும் குறைந்துகொண்டே போகும். கறந்த கையைக் கழுவாமல் அடுத்த மாட்டில் வைத்தால் கிருமி அங்கும் போய்ச் சேரும்.

இதைக் கண்டறியும் கலிபோர்னியா மடியழற்சிச் சோதனை 1957இலேயே வெளிவந்துவிட்டது. நான்கு காம்புகளின் பாலையும் நான்கு குழிகளுள்ள தட்டில் தனித்தனியே சிறிதளவு கறந்து, அதே அளவு சோதனைத் திரவத்தை ஊற்றித் தட்டை வட்டமாக அசைத்தால், நோயுற்ற பகுதியின் பால் சில விநாடிகளில் கஞ்சிபோலத் தடித்துவிடும். ஆய்வுகூடமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தட்டும் திரவமும் வைத்து, பண்ணையாளர்கள் முறைவைத்து எடுத்துச் செல்ல இடமளிக்குமாறு கேட்கிறோம்.

சிகிச்சையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மடிக்குள் ஏற்றும் மருந்துக் குழாயை வைத்தியரைக் கேளாமல் வாங்கி, வீக்கம் சற்று வற்றியதும் நிறுத்திவிடுவது எங்களிடையே உள்ள வழக்கம். அதனால் நோய் திரும்புவதோடு மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகுகின்றன. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் கிருமி நெடுநாள் குடிகொண்ட மடி, கறவைக் காலத்தில் பெரும்பாலும் முழுமையாகக் குணமாவதில்லை. அத்தகைய மாட்டுக்குப் பால் வற்றும் காலத்தில் மருந்திடுவதா, அதைப் பட்டியிலிருந்து விலக்குவதா என்பதை வைத்தியரே நேரில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, அந்த மருந்துக்குக் குறித்த நாட்கள் முடியும்வரை விற்கலாகாது. நுண்ணுயிர்க்கொல்லி கலந்த பாலில் உறை சரியாகப் பிடிக்காது. தயிருக்குப் பேர்பெற்ற கிண்ணியாவில் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் விற்காமல் கொட்டிவிடும் பாலின் நட்டம் முழுவதும் பண்ணையாளர் தலையிலேயே விழும்வரை, சிலர் அதை நல்ல பாலோடு கலக்கத்தான் செய்வார்கள். நோயை முன்வந்து அறிவிப்பவருக்கு அந்நாட்களில் ஒரு பகுதிப் பணமாவது கிடைக்கச் செய்யுங்கள். பாலைத் திருப்பியனுப்பும்போது காரணத்தையும் எழுதிக் கொடுங்கள்.

கறந்தபின் காம்பை அயடீன் கரைசலில் தோய்ப்பதும், காம்புத் துவாரம் மூடிக்கொள்ளும்வரை, அதாவது ஏறத்தாழ அரைமணி நேரம், மாடு படுக்காமலிருக்கத் தீனி போடுவதும் எங்கள் பொறுப்பு. அதைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறோம். தட்டும் திரவமும் அடுத்த மாரிக்கு முன் வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
தம்பலகாமத்துப் பாற்பண்ணையாளர்கள் சார்பில் ஒருவர்