விட்ட மீனும் சீலுக்குத்தான்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் மீன்தான், வேறென்ன! பாஸ் மீன் கரையோரம் வரத் தொடங்கிவிட்டால் நான் வேறு எதற்கும் உதவமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா?

கடலில் சீல், அதுதான் கடல்நாய், தலை தெரிந்ததும் தூண்டில் கோலைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதானா என்று கேட்டிருந்தாய். நானும் பல வருஷம் அப்படித்தான் திரும்பி வந்தேன். இப்போது கொஞ்சம் நின்று பார்க்கிறேன். அது தன் வழியில் போகிறதா, நமக்காகக் காத்திருக்கிறதா? போகிற சீல் ஒரு மூச்சு வாங்கி முங்கினால் எங்கோ தள்ளிப் போய்த்தான் எழும். அதற்காக ஓட வேண்டாம். அரை மணி நேரம் பாறையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்புறம் தூரமாக வீசாமல், அலை உடைந்து வெளுக்கிற நுரைக்குள்ளேயே ஒற்றை முள் கோத்த ரப்பர் லூரை, அதாவது பொய் இரையை, போடுவேன். சீல் வந்து போன பிறகு பாஸ் அங்கேதான், முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒதுங்கி நிற்கிறது என்பது என் அனுபவம்.

நின்று நம்மையே பார்க்கிற சீல் வேறு ரகம். போன வாரம் விடிகாலையில் அப்படி ஒன்று வந்தது. சாம்பல் சீல், நல்ல கிடா. இந்த இனத்தின் ஆண் முந்நூறு கிலோ வரை வளரும். நீர் ஏறிக்கொண்டிருந்தது. முதல் மீன் மாட்டி, பாதி தூரம் இழுத்திருப்பேன். கோல் திடீரென்று பாறையில் சிக்கியது போல வளைந்தது. இழுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தூண்டில் நரம்பைத் தளர்த்தினேன். லூர் மட்டும் திரும்பி வந்தது, மீனின் உதட்டுத் துண்டோடு.

அதைக்கூட விட்டுவிடலாம். என்னை உறுத்துவது இரண்டாவது மீன். அளந்தேன், 38 செ.மீ. பிரிட்டனில் 42-க்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்த அளவு வளரவே அதற்கு ஐந்தாறு வருஷம் ஆகும். பக்குவமாகத் தண்ணீரில் பிடித்திருந்து, வால் அசைந்ததும் விட்டேன். பத்தடி போயிருக்காது, ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். சட்டப்படி நான் சரி. ஆனால் களைத்துப்போன மீனை நானே ஊட்டிவிட்டது போலத்தானே ஆயிற்று? அன்றோடு சரி, சீல் காலடியில் நின்றால் வீசுவதை நிறுத்திவிடுகிறேன்.

லூரை மாற்றினால், இருட்டில் போனால் ஏமாற்றலாம் என்று நினைக்காதே. ஜெர்மானிய ஆய்வாளர்கள் பழக்கிய சீலின் கண்ணைக் கட்டிவிட்டு, ஒரு குட்டி நீர்மூழ்கியைத் தண்ணீரில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது போன தடத்தை மீசையாலேயே தடவிக்கொண்டு சீல் பின்தொடர்ந்தது. 2001-ல் வெளியான ஆய்வு இது. மீசையே அப்படியென்றால் நம் லூரின் நிறமெல்லாம் எம்மாத்திரம்!

கரையில் சிலர் சீல்மேல் கல்லெறிகிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. 1970-லிருந்தே அதற்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மீனைக் காப்பாற்றச் சுடலாம் என்று மீனவர்களுக்கு இருந்த விலக்கையும் 2021-ல் எடுத்துவிட்டார்கள். தவிர, மீன் கிடைக்கும் இடத்தை அதற்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தானே?

இலையுதிர் காலத்தில் வருகிறேன் என்கிறாய். தாராளமாக வா. அப்போது சில குடாக்களில் வெள்ளை ரோமக் குட்டிகள் கிடக்கும், அந்தப் பக்கமே நாம் போக வேண்டாம். வேறு பாறை பார்த்து வைக்கிறேன். உன் மும்முள் லூர்களை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா. மீனோடு சேர்த்துக் கடிக்கிற சீலின் வாயில் அது மாட்டினால் எடுத்துவிட ஆளில்லை.

அன்புடன்,
உன் பழைய தூண்டில் கூட்டாளி