புரூப் செட்டில் காசு பெருகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளின் சேமிப்பைப் பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் அண்மையில் வெளியான கட்டுரையில், வெளிநாட்டு நாணயச்சாலைகள் ஓராண்டின் நாணயங்களைச் சேகரிப்பவர்களுக்கெனத் தனியாக அடித்துப் பெட்டியிலிட்டு விற்கும் புரூப் செட்டுகளை இன்று வாங்கி வைத்தால் அவை பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கைகொடுக்கும் என்று ஓர் ஆலோசனை கூறப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் காசாளராக இருந்தவனும், அதைவிட நீண்ட காலம் நாணயம் சேர்த்து வருபவனுமாகிய நான், அந்த ஆலோசனையை நம்பி எவரும் கையிலுள்ள சேமிப்பைக் கரைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாணயம் சேர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றும் அக்கட்டுரை ஒரு வரியில் சொல்லிச் செல்கிறது. அதுவும் சரியல்ல.

புரூப் என்பது உலோகத்தின் பெயரன்று. அரிய பொருள் என்பதற்கான முத்திரையும் அன்று. அது அடிக்கும் முறையின் பெயர். மெருகேற்றிய அச்சுகளுக்கு நடுவே மெருகேற்றிய தகட்டை வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி அடிப்பதால், தளம் கண்ணாடி போலவும் உருவம் அதன்மேல் வெண்மையாக மங்கியும் நிற்கிறது. பார்க்க மிக அழகாக இருக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐக்கிய அமெரிக்கா 1968 முதல் சன் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 'எஸ்' அடையாளத்துடன் வெளியிட்டு வரும் செட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் ஒரு செட்டின் விலை 7 டொலர்; 1979இல் 9 டொலர். 1970களிலும் 80களிலும் ஆண்டொன்றுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமான செட்டுகள் விற்பனையாகின. வாங்கியவர்களில் எவரும் அவற்றைக் கடையில் கொடுத்துச் செலவழிக்கவில்லை. எல்லோரும் அலுமாரியில் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பூட்டி வைத்த பொருளுக்குப் பிறகு எப்படித் தட்டுப்பாடு வரும்? வெள்ளி கலவாத அந்தச் செட்டுகளில் பெரும்பாலானவை இன்றும் ஏறத்தாழ வெளியான விலைக்கே கிடைக்கின்றன. 1973இன் 7 டொலரும் இன்றைய 7 டொலரும் ஒன்றா என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

முதலிட்டவருக்கு நட்டமாக முடிந்த இதே காரியம், ஆசைக்காகச் சேர்ப்பவனுக்கு வசதியாக அமைந்தது. புதிய செட்டை வாங்குபவர் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். ஒருமுறை நானும் வண்ணம் பூசிய ஞாபகார்த்த நாணயக்குற்றி ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கி, சில ஆண்டுகளுக்குப் பின் அதைப் பாதி விலைக்குக் கேட்கவும் ஆளில்லாமல் இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு, முதல் உரிமையாளர் சலித்துப்போய் விற்கும் பழைய செட்டுகளை மட்டுமே வாங்குகிறேன். பிரித்தானியா தசம முறைக்கு மாறுமுன் கடைசியாக வெளியிட்ட, 1970ஆம் ஆண்டைத் தாங்கிய எட்டு நாணயங்கள் கொண்ட செட் அப்படி வந்ததுதான். அரைப் பென்னியிலிருந்து அரைக் கிரவுண் வரை அதில் இருக்கின்றன. (அவர்கள் 1971இல் செய்த மாற்றத்தை இலங்கை 1872இலேயே செய்து முடித்து, ஒரு ரூபாய்க்கு நூறு சதம் என்று எண்ணத் தொடங்கிவிட்டது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) பார்படோசுக்காகப் பிராங்ளின் மின்ட் என்ற அமெரிக்கத் தனியார் நாணயச்சாலை 1973இல் அடித்த செட்டில் ஐந்து டொலர், பத்து டொலர் நாணயங்கள் இரண்டும் வெள்ளியால் ஆனவை. இத்தகையவற்றை வெள்ளியின் எடைக்குரிய விலையை ஒட்டி வாங்கலாமே தவிர அதற்குமேல் கொடுப்பது வீண். தபாற் செலவு சில வேளைகளில் செட்டின் விலையையும் மிஞ்சிவிடும் என்பதால், விடுமுறைக்கு ஊருக்கு வரும் உறவினர்களின் பெட்டியில் கொடுத்தனுப்பச் சொல்வதே என் வழக்கம்.

இனி, செட்டே வாங்க முடியாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிகளும் காசு மாற்றும் இடங்களும் வெளிநாட்டுத் தாள்களைத்தான் பொதுவாக ஏற்கும், குற்றிக்காசை ஏற்பதில்லை. எத்தனையோ பேர் என் கருமபீடத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடிக் காசை வைத்துவிட்டு, மாற்ற முடியாது என்றதும் முகம் வாடித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி என எங்கு போனாலும், மத்திய கிழக்கில் உழைத்தவரோ சுவிசிலும் கனடாவிலும் குடியேறியவரோ உள்ள வீடுகளில், பால்மா ரின்னுக்குள்ளும் தையல் பெட்டிக்குள்ளும் உலக நாணயங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. என் சேகரிப்பில் பாதிக்கு மேல் நான் ஒரு சதமும் கொடுக்காமல் இப்படிக் கிடைத்ததே. அரபுக் கோப்பிக் குடுவை பொறித்த அமீரகத்தின் ஒரு திர்ஹமும், பாய்க்கப்பல் பொறித்த குவைத் நாணயமும் அவ்வாறு வந்தவை. கனடா 1999ஆம் ஆண்டில் மாதத்துக்கு ஒன்றாக வெளியிட்ட பன்னிரண்டு இருபத்தைந்து சத நாணயங்களில் பதினொன்று என்னிடம் உண்டு; பன்னிரண்டாவதை இன்னும் தேடுகிறேன். சுவிஸ் பத்து ராப்பன் 1879இலிருந்து உருவம் மாறாமல் வருவது. என் பேத்திக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருமுறை, சவூதியில் வேலை செய்த தன் வாப்பா கொண்டுவந்த ஐம்பது ஹலலா ஒன்றை எடுத்து வந்தான். அதிலிருந்த அரபு இலக்கங்களை எனக்கு வாசித்துக் காட்டியவன் அவனே: 1400. அது ஹிஜ்ரி ஆண்டு என்பதையும், அந்த ஆண்டு 1979 நவம்பரில் தொடங்கியது என்பதையும் இருவரும் சேர்ந்து கணக்கிட்டோம். அன்று அந்தப் பிள்ளை கற்றதை எந்தச் சான்றிதழ் வைத்த பெட்டியும் கற்பித்திருக்காது.

நம் நாட்டுக் காசிலேயே தொடங்க விரும்புபவர்களுக்கு, 2013ஆம் ஆண்டைத் தாங்கி மத்திய வங்கி வெளியிட்ட மாவட்டப் பத்து ரூபாய்த் தொடரை விடச் சிறந்தது இல்லை. இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக இருபத்தைந்து நாணயங்கள் உள்ளன. மிச்சக்காசில் பொறுக்கி எடுத்தால் முழுத் தொடருக்கும் 250 ரூபாய்தான் முடங்கும். யூரோவில் ஒரு நாட்டின் எட்டு நாணயங்களையும் சேர்த்தால் 3 யூரோ 88 சதம் ஆகும். மலிவான நவீன நாணயத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதைப் போலியாகச் செய்வதில் எவருக்கும் இலாபமில்லை. ஒல்லாந்தர் காலத்துக் காசு என்று வீட்டு வாசலுக்கு வருபவற்றில் பாதியை நான் கையில் எடுப்பதே இல்லை.

பராமரிப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இங்கு நாணயங்கள் கெடுவது பெரும்பாலும் நம் கையாலேதான். புத்த ஜயந்தியை முன்னிட்டு 1957இல் வெளியான வெள்ளி ஐந்து ரூபாய் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. கறுத்துப் போயிற்றென்று என் தாயார் அதைக் குத்துவிளக்குடன் சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். அது பளபளத்தது உண்மை. ஆனால் தேய்த்த கோடுகள் இன்றும் அதன் முகத்தில் இருக்கின்றன. வெள்ளியின் எடைக்கு மேல் அதற்கு இன்று மதிப்பில்லை. பழுப்பும் கறுப்பும் அழுக்கல்ல, அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். புரூப் நாணயத்தின் தளத்தில் விரல் பட்டால் அந்த ரேகை காலப்போக்கில் உலோகத்திலேயே பதிந்துவிடும் என்பதால், விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெதுமையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கி நாணயத்தை அரித்துவிடும். எங்கள் வாவிக்கரை உப்புக்காற்றோ 2005க்குப் பின் வந்த முலாம் பூசிய உருக்குக் காசுகளை விளிம்பிலிருந்து துருப்பிடிக்கச் செய்கிறது. காற்றுப் புகாத ரின் ஒன்றும், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டும் இதற்குப் போதும். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றினால் சரி.

புரூப் செட்டுகளை முதலீடாகக் கூறிய அந்தப் பகுதிக்குத் தங்கள் பத்திரிகை ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள பொது நூலகங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காசுக்கு விற்பதைத் தடைசெய்து, மாணவர்கள் தம்மிடம் இரட்டையாக உள்ளவற்றை மாற்றிக்கொள்ள ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்க வேண்டும் என்பது இரண்டாவது. அப்படி ஒரு நாள் அமைந்தால், என்னிடம் மிகுதியாக உள்ள திர்ஹங்களையும் மாவட்டப் பத்து ரூபாய்களையும் கொண்டு வருகிறேன். எவரிடமாவது அந்தப் பன்னிரண்டாவது கனடா நாணயம் இருக்கக் கூடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.