எந்த மத்ஹப் என்று கேளுங்கள்

தொலைக்காட்சி விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கு,

வணக்கம். முஸ்லிம் விருந்தினரைப் பார்த்து நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி எனக்கு மனப்பாடம். "இதைப் பற்றி இஸ்லாம் என்ன சொல்கிறது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்." அவரும் சொல்லிவிடுகிறார். எங்கள் வீட்டில் எதுவும் ஒரே வார்த்தையில் முடிந்ததில்லை.

அத்தா ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. உம்மா கீழக்கரைக்காரர், ஷாஃபி. இவை இரண்டும் மத்ஹபுகள், அதாவது இஸ்லாமியச் சட்டத்தை விளக்கும் மரபுகள். உம்மா கணவாய் வறுத்தால் அத்தாவுக்கு அன்று முட்டைதான். கடலில் வாழ்பவற்றில் மீனை மட்டுமே சாப்பிடலாம் என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிற்பகலில் தொழும் அஸர் தொழுகையிலும் இதே கதை. நண்பகல் நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் உம்மா பாயை விரித்துவிடுவார். இரு மடங்காகட்டும் என்று அத்தா காத்திருப்பார். ஒருவர் தொழுகை செல்லாது என்று மற்றவர் சொல்லி நான் கேட்டதில்லை. கணவாய் வாசனை பற்றி மட்டும் புகார் உண்டு.

ஷரீஅத், அதாவது இஸ்லாமியச் சட்டம், என்று அலமாரியில் ஒரே புத்தகம் கிடையாது. சுன்னிகளிடம் ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி என நான்கு மத்ஹபுகள்; ஷியாக்களில் பெரும்பாலோருக்கு ஜஅஃபரி. ஒரே மத்ஹபுக்குள்ளும் ஆசிரியரும் மாணவரும் மாறுபட்டிருக்கிறார்கள்.

இது சாப்பாட்டோடு நிற்கும் விஷயமில்லை. கணவன் காணாமல் போனால் மனைவி என்ன செய்வாள்? பழைய ஹனஃபி சட்டப்படி, அவன் வயதொத்தவர்கள் இறந்துபோகும் காலம்வரை காத்திருக்க வேண்டும். மாலிகியில் நான்கு ஆண்டுகள். பிரிட்டிஷ் ஆட்சியில் நம் நாட்டுப் பெண்கள் சிலர் வேறு வழியில்லாமல், திருமணத்திலிருந்து விடுபடுவதற்காக மதத்தையே விட்டார்கள். வட இந்தியாவின் தேவ்பந்த் மதரஸா மரபில் வந்த பெரிய ஹனஃபி அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி அப்போது மாலிகி அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, அவர்கள் சட்டத்தைக் கையாளலாம் என்று 1930களில் நூலே எழுதினார். 1939இல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் அந்த நான்கு ஆண்டுகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் கணவன் செலவுக்குக் கொடுக்காவிட்டாலும் மனைவி நீதிமன்றம் போகலாம். அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சிகளில் அதன் பெயரை நான் கேட்டதே இல்லை.

முத்தலாக் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017இல் வந்தபோதும் அப்படித்தான். கணவன் ஒரே மூச்சில் சொல்லும் மூன்று தலாக்கை மூன்றாகவே எண்ணுவது, அதாவது மீட்க முடியாத மணவிலக்காகக் கொள்வது, நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து. இடைக்கால அறிஞர் இப்னு தைமிய்யா ஒன்றாக எண்ணினார். எந்த மத்ஹபையும் கட்டாயமாகக் கொள்ளாத அஹ்லே ஹதீஸ் பிரிவின் அறிஞர்களும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். ஷியாக்கள் அதை மூன்றாக ஏற்பதே இல்லை. நான் பார்த்த விவாதங்களில் இந்த வேறுபாடு ஒரு நிமிடம்கூடப் பேசப்படவில்லை. ஃபத்வா என்றாலே தீர்ப்பு என்கிறீர்கள். அது கேட்டவருக்கு முஃப்தி, அதாவது மார்க்கச் சட்ட அறிஞர், சொல்லும் கருத்து. சட்ட பலம் கிடையாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

எங்கள் ஆட்கள் மேலும் தவறு உண்டு. மைக்கை நீட்டியதும் தன் மத்ஹபின் கருத்தை 'இஸ்லாம் சொல்கிறது' என்று அடித்துப் பேசும் ஹஜ்ரத்துகளை, அதாவது மார்க்க அறிஞர்களை, நானும் பார்க்கிறேன். அப்போதாவது, "இது எந்த மத்ஹபில்? மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். அப்புறம், மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்ற பெண் அறிஞர்களான ஆலிமாக்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தலாக் பற்றி நான்கு ஆண்கள் பேசும் மேசையில் அவர்களில் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்