துணை சபாநாயகர் தேர்தலுக்குத் தேதி குறியுங்கள்

மதிப்பிற்குரிய மக்களவை சபாநாயகர் ஓம் பிர்லா அவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மக்களவைக்குப் போயிருக்கும் 40 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் சபாநாயகர் அவர்களிடம் பேசிவிடுகிறேன். 18-ஆவது மக்களவை 2024 ஜூன் 24 அன்று கூடியது. ஜூன் 26 அன்று குரல் வாக்கெடுப்பில் தாங்கள் இரண்டாம் முறையாக சபாநாயகர் ஆனீர்கள். கேரளத்தின் கொடிக்குன்னில் சுரேஷை எதிர்க்கட்சிகள் அன்று போட்டிக்கு நிறுத்தியதற்கு உங்கள்மேல் இருந்த கோபம் காரணமல்ல. துணை சபாநாயகர் பதவி எதிர்த்தரப்புக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள்; உறுதி கிடைக்கவில்லை; போட்டி வந்தது. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள், பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து உங்களை இருக்கைவரை அழைத்துப் போனார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. துணை சபாநாயகர் நாற்காலியைப் பற்றி மட்டும் அதன்பின் பேச்சே இல்லை. 2025 மழைக்காலக் கூட்டத்தொடரும் முடிந்துவிட்டது. அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இந்த அவையோடு நின்றிருந்தால்கூடத் தாமதம் என்று விட்டுவிடலாம். இதற்கு முந்தைய 17-ஆவது மக்களவை 2019 முதல் 2024 வரை, தன் ஆயுள் முழுவதையும் துணை சபாநாயகர் இல்லாமலே கழித்தது. 1952-இலிருந்து அப்படி ஒரு மக்களவை இருந்ததில்லை. அந்த ஐந்தாண்டும் சபாநாயகராக இருந்தவர் தாங்கள்தான். ஆகவே இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

அரசியல் சட்டத்தின் 93-ஆவது பிரிவு, மக்களவை தன் உறுப்பினர்களில் இருவரைக் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது: ஒருவர் சபாநாயகர், மற்றவர் துணை சபாநாயகர். இருவருக்கும் ஒரே வாக்கியம், ஒரே கட்டளை. நாள் கெடு எதுவும் சொல்லவில்லையே என்று சிலர் வாதிடுகிறார்கள். சபாநாயகருக்கும்தான் கெடு இல்லை. அவரை மூன்றாம் நாளே தேர்ந்தெடுக்க முடிந்ததே. முதலாவது பதவிக்கு அவசரமும் இரண்டாவதற்கு ஐந்தாண்டுப் பொறுமையும் எங்கிருந்து வந்தன?

பலர் இதை அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையிலான சண்டையாக மட்டும் பார்க்கிறார்கள். மக்களவை நடத்தை விதிகளைப் புரட்டினால் வேறொன்று தெரியும். சபாநாயகர் தேர்தலுக்கு நாள் குறிப்பவர் குடியரசுத் தலைவர். துணை சபாநாயகர் தேர்தலுக்கு நாள் குறிப்பவர், 8-ஆவது விதிப்படி, சபாநாயகர். பிரதமர் அலுவலகம் குறிக்க வேண்டியதில்லை, நாடாளுமன்ற விவகார அமைச்சர் குறிக்க வேண்டியதில்லை. ஆளுங்கட்சியின் சம்மதம் இல்லாமல் எந்த சபாநாயகரும் இதைச் செய்யமாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் விதி உங்கள் பெயரைத்தான் சொல்கிறது.

துணை சபாநாயகர் என்றால் வண்டியின் பின்னால் கிடக்கும் ஸ்டெப்னி என்று நினைப்பவர்கள் உண்டு. சபாநாயகர் களைத்துப்போனால் கொஞ்ச நேரம் வந்து உட்கார்பவர், அதற்குத்தான் மாற்றுத் தலைவர்கள் பட்டியல் இருக்கிறதே, நம் நீலகிரி உறுப்பினர் ஆ. ராசாகூட அதில் இருந்து அவையை நடத்தியிருக்கிறாரே என்பார்கள். அன்றாட அலுவலுக்கு அந்தப் பட்டியல் போதும், மறுக்கவில்லை. சிக்கல் அன்றாடத்தில் இல்லை.

சபாநாயகர் பதவியே காலியாகிவிட்டால் பட்டியலில் இருப்பவர்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியாது. 95-ஆவது பிரிவின்படி துணை சபாநாயகர் பொறுப்பேற்க வேண்டும். அவரும் இல்லையென்றால் குடியரசுத் தலைவர் ஓர் உறுப்பினரை நியமிப்பார். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அப்படியானால் அவையை யார் நடத்துவது என்பதை அவை தீர்மானிக்காது, அரசு தீர்மானிக்கும். இந்த வாசலை மூடி வைக்கத்தான் துணை சபாநாயகரை அவையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர் சபாநாயகருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரியும் அல்ல, அவைக்கு நேரடியாகக் கடமைப்பட்டவர்.

நடக்காத காரியத்தைக் கற்பனை செய்து பயமுறுத்தவில்லை. 1956 பிப்ரவரியில் சபாநாயகர் மாவலங்கர் பதவியிலிருக்கும்போதே காலமானார். துணை சபாநாயகராக இருந்த அனந்தசயனம் ஐயங்கார் அடுத்த மாதமே சபாநாயகர் ஆனார். அவர் 1952-இல் வென்ற திருப்பதி அன்று சென்னை மாநிலத்தில் இருந்தது. 1969-இல் நீலம் சஞ்சீவ ரெட்டி குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கப் பதவி விலகியபோது ஆர். கே. காடில்கர் துணை சபாநாயகராக இருந்தார். 2002 மார்ச் 3 அன்று ஜி. எம். சி. பாலயோகி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அது பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம். மே மாதம் மனோகர் ஜோஷி தேர்ந்தெடுக்கப்படும்வரை அவையை நடத்தியவர் துணை சபாநாயகர் பி. எம். சயீத், காங்கிரஸ்காரர். ஆட்சியில் இருந்தது வாஜ்பாய் அரசு. குடி முழுகிப் போய்விடவில்லை.

அவ்வளவு பின்னால் போவானேன்? 2025 ஜூலை 21, மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாள் இரவு, குடியரசுத் துணைத் தலைவர் ஜக்தீப் தன்கர் திடீரென்று பதவி விலகினார். மாநிலங்களவையின் தலைவரும் அவரே என்பதால் அந்த அவைக்குத் தலைவர் இல்லை. அவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் ஆகஸ்ட் 21 வரை கூட்டத்தொடர் முழுவதையும் நடத்தி முடித்தார். நம் திருப்பூர்க்காரர் சி. பி. ராதாகிருஷ்ணன் புதிய குடியரசுத் துணைத் தலைவராகச் செப்டம்பர் 12 அன்றுதான் பதவியேற்றார். அந்தக் கட்டடத்தின் மறுபாதியில் உங்கள் அவை இருக்கிறது. அங்கே அப்படி நேர்ந்திருந்தால்? சபாநாயகர் தன் விலகல் கடிதத்தைத் துணை சபாநாயகருக்கு எழுத வேண்டும் என்கிறது 94-ஆவது பிரிவு. தாங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும், ஆனால் நாளைக்கே விலக நினைத்தால் உறையின்மேல் யார் பெயரை எழுதுவீர்கள்?

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சபாநாயகரை நீக்கக் கோரும் தீர்மானம் விவாதத்துக்கு வந்தால் அவர் அவைக்குத் தலைமை தாங்கக் கூடாது. 1954 டிசம்பரில் மாவலங்கருக்கு எதிராக அப்படியொரு தீர்மானம் வந்தபோது ஐயங்கார் தலைமை வகித்தார். 1987-இல் பல்ராம் ஜாக்கருக்கு எதிராக வந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் நம் மு. தம்பிதுரை. துணை சபாநாயகர் இல்லாத அவையில் அந்த வேலை மாற்றுத் தலைவர் ஒருவரிடம் போகும். அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் சபாநாயகர். தன்மீதான விசாரணைக்கு நடுவரைத் தானே பெயர் குறித்து வைத்திருப்பது போலாகிவிடும். உங்கள் நேர்மையைச் சந்தேகித்து இதை எழுதவில்லை. அப்படியொரு பேச்சுக்கே இடம் வேண்டாமே என்றுதான்.

எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது மரபா என்ற வாதத்துக்கு வருகிறேன். சட்டத்தில் அப்படி இல்லை. 1980-களில் தி.மு.க.வின் ஜி. லட்சுமணனும் அ.தி.மு.க.வின் தம்பிதுரையும் அங்கே அமர்ந்தது காங்கிரஸோடு இருந்த கூட்டணி உறவினால்தான். 1990-க்குப் பிறகே எதிர்க்கட்சிக்குக் கொடுக்கும் வழக்கம் வேர்விட்டது. அதனால் அதிகம் பயன் பெற்ற கட்சி எது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 1991-இல் மல்லிகார்ஜுனையா, 1996-இல் சூரஜ் பான், 2009-இல் கரிய முண்டா, மூவரும் பாரதிய ஜனதாவினர். மூன்று முறையும் ஆட்சியில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். தம்பிதுரை 2014-இல் மறுபடி வந்தபோது ஆட்சி உங்கள் கட்சியுடையது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஒருவரும் இல்லை.

எதிர்க்கட்சிக்குக் கொடுக்க மனமில்லையென்றால் கொடுக்க வேண்டாம். தேர்தல் நடத்துங்கள். முடிவுகள் வந்த அன்று தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 293 இடங்கள் இருந்தன. நீங்கள் நிறுத்துகிறவர்தான் ஜெயிப்பார். பெரும்பான்மை கையில் இருக்கும்போது வாக்கெடுப்பைக் கண்டு ஏன் ஒதுங்க வேண்டும் என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கூட்டணிக் கட்சிகளில் யாருக்குக் கொடுப்பது என்ற தலைவலியாக இருக்கலாம். அது அவையின் தலைவலி அல்லவே.

இனி நம் 40 பேருக்கு.

தமிழ்நாட்டின் 39 இடங்களையும் புதுச்சேரியின் ஒன்றையும் ஒரே அணிக்கு அள்ளிக் கொடுத்தோம். துணை சபாநாயகர் பதவி எதிர்க்கட்சியின் உரிமை என்று உங்கள் அணி டெல்லியில் பேசுகிறது. சென்னையில் என்ன நடந்தது? 2021-இல் மு. அப்பாவு சபாநாயகர், கு. பிச்சாண்டி துணை சபாநாயகர், இருவரும் தி.மு.க. அதற்கு முன் ப. தனபாலும் பொள்ளாச்சி ஜெயராமனும், இருவரும் அ.தி.மு.க. டெல்லிக்கு ஒரு நியாயம், கோட்டைக்கு ஒரு நியாயமா என்று எதிர்வரிசையில் யாராவது கேட்டால் உங்களிடம் நல்ல பதில் இருக்காது. ஆனால் ஒன்றை நிமிர்ந்து சொல்லலாம்: 2021 மே 11 அன்று பேரவை கூடியது, மறுநாளே இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள். யாருக்கு என்ற சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எப்போது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆளுந்தரப்பில் பதில் சொல்வது கடினம்.

இந்த விவகாரம் ஏற்கெனவே உச்ச நீதிமன்றப் படியேறிவிட்டது. 17-ஆவது மக்களவையோடு ஐந்து மாநிலப் பேரவைகளிலும் இந்தப் பதவி காலியாக இருக்கிறது என்று வந்த பொதுநல மனுவில் 2023 பிப்ரவரியில் ஒன்றிய அரசுக்கு நோட்டீஸ் போனது. அவை தன் நாற்காலியை நிரப்ப நீதிபதிகள் சொல்லித்தர வேண்டிய நிலை வருவது எனக்குப் பிடிக்கவில்லை. சபாநாயகர் அவர்களே, உங்களுக்கும் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. தாங்கள் ஒரு நாள் குறிக்க வேண்டும். ஒருவர் பெயரை ஓர் உறுப்பினர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், போட்டி இருந்தால் வாக்கெடுப்பு. மதிய உணவுக்கு முன் முடிந்துவிடும். அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே அந்த அறிவிப்பு வரட்டும். வராவிட்டால், நம் 40 பேரில் யார் யார் எழுந்து அதைக் கேட்டீர்கள் என்று அவை நடவடிக்கைக் குறிப்பில் தேடிப் பார்ப்பேன். அது மக்களவை இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்