நாலாம் மாடிக்கு ஏறி வந்த எல்லாருக்கும்

பாதிப் பேர் "என்ர பெயரைப் போட்டிடாதே" என்று முதலே சொல்லிவிட்டதால் இந்த நன்றி மடலில் யாருக்கும் பெயர் இல்லை. அதனால் ஒன்றும் குறையப்போவதில்லை, தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்காரருக்கு எல்லாரையும் தெரியும். மகளுக்குக் கழுத்து நின்றுவிட்டது. எனக்கும் ஒரு கையால் தட்டச்சு செய்யப் பழகிவிட்டது. இனித் தள்ளிப்போட்டால் எழுதமாட்டேன்.

எங்கள் ஆட்களில் தலைப்பிள்ளை என்றால் தாய் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். எனக்கு அது வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்குக் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ், அம்மா அவரை விட்டு அசைய முடியாது. இங்கே நானும் இவரும் மட்டும், நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று சொன்னவர்களுக்குக் குறைவே இல்லை, மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் எதை, யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது?

அதற்கு வழி காட்டியவர் எங்கள் மிட்வைஃப் மிஸ். மாநகர சபைக் கிளினிக்கில் பதிந்த பிறகு ஒருநாள் வீடு பார்க்க வந்தார். படியேறிய களைப்பில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கார்டைப் புரட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "சாப்பாடு யாரு? ராத்திரி யாரு? ஆஸ்பத்திரி யாரு? சிங்களம் யாரு?" நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்றிரவே இவர் பழைய கலண்டர்த் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அந்தக் கேள்விகளை எழுதி பிரிட்ஜில் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயராவது விழவேண்டும், அந்த ஆளிடம் நேரே போய் இன்ன வேலை என்று சொல்லிக் கேட்கவேண்டும் என்று முடிவு. கேட்டோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சொல்லப்போனால், என்ன செய்யவேண்டும் என்று தெரிந்ததில் பலருக்கு நிம்மதி மாதிரித்தான் இருந்தது.

ஆகவே முதல் நன்றி மிஸ்சுக்கு. சம்பளத்துக்குச் செய்கிற வேலைதானே என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, அதிலிருந்து நாடு முழுக்க வளர்த்தெடுத்த ஏற்பாடு இது, அதனால்தான் இன்றைக்கும் ஒரு சதம் வாங்காமல் ஒரு மருத்துவமாது நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வெளிநாட்டில் இருக்கும் என் சிநேகிதிகள் இதைக் கேட்டுப் பொறாமைப்பட்டார்கள். கடும் தலையிடி, கண் மங்கல், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்று எனக்குச் சொன்னதோடு நிற்காமல், இவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இவர் சோதனைக்குப் படித்த பிள்ளை போல ஒப்பித்தார். திரிபோஷா என்ற சத்துமாப் பைக்கற்றுகளைத் தரும்போது மட்டும் குரல் கொஞ்சம் கடுமை: "இது நீ சாப்பிடு, வீட்டு ஆக்கள் இல்ல." பின்னேரத் தேத்தண்ணியோடு திரிபோஷா உருண்டையைத் தேடும் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

ஆஸ்பத்திரி யாரு, சிங்களம் யாரு, இந்த இரண்டுக்கும் நேரே ஒரே பெயர்தான், மச்சாள். கடையில் தேங்காய் வாங்க என் சிங்களம் போதும், வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று சொல்லப் போதாது. அதற்கு முன்பு ஒரு இடத்தில் ஸ்கான் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, கொழும்பில் இருந்துகொண்டு சிங்களம் தெரியாதா என்று ஒருவர் திருப்பிக் கேட்டார், எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். எங்கள் அரச மருத்துவமனை லேபர் ரூமுக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விட்டது. பிரசவ நேரம் முழுக்கத் தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்தான், ஆனால் இன்னும் எல்லா இடத்திலும் விடுகிறார்கள் இல்லை, முதலே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சாள், நீங்கள் என் இடுப்பைத் தேய்த்துவிட்டதும் தண்ணீர் பருக்கியதும் பெரிய விஷயம்தான். அதைவிடப் பெரியது, சேலைனில் வலி கூட்டும் மருந்து ஏற்றவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது நான் தலையாட்டப் போக, "பொறு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன், எவ்வளவு நேரம், பிள்ளையின் இதயத் துடிப்பை எப்படிப் பார்ப்பீர்கள் என்று அவரிடம் கேட்டு, ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லி, "இப்ப ஓம் எண்டு சொல்லு" என்றது. டொக்டரும் பொறுமையாகப் பதில் சொன்னார், அவருக்கும் நன்றி. வலியில் கிடக்கும் ஒருத்தியிடம் விஷயத்தை விளக்கிச் சம்மதம் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

சந்தி ஓட்டோ அண்ணனுக்கும் நன்றி. எந்த நேரம் என்றாலும் வருவேன் என்று சொல்லி, போனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு படுத்தவர். அவர் இல்லாவிட்டால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸ் என்று தாளில் எழுதித்தான் இருந்தது, தேவைப்படவில்லை. வார்டில் ஒரு நேர்ஸ், அவர் பெயர் உண்மையாகவே எனக்குத் தெரியாது, மார்க்காம்பு மட்டும் போதாது, அதைச் சுற்றிய கறுப்புப் பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் போகவேண்டும் என்று பிடித்துக் காட்டித் தந்தார். அதற்கு முன்பு எத்தனை வீடியோ பார்த்திருப்பேன்!

சாப்பாடு யாரு? மாமி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

மாமி காயச் சரக்கு அரைத்து ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்தார். சுறாப் புட்டு, உள்ளி போட்ட பத்தியக் கறி, முருங்கையிலை, வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிப்பு, எல்லாம் முறைப்படி. நான் ருசித்துத்தான் சாப்பிட்டேன். சிக்கல் தண்ணீரில் வந்தது. தண்ணீர் கூடக் குடித்தால் வயிறு ஊதும், பழம் குளிர் என்பது மாமியின் கட்சி. எனக்கோ பால் கொடுக்க உட்கார்ந்தாலே தொண்டை வறளும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் மிஸ் வீட்டுக்கு வந்தபோது வீட்டில் ஒரு பனிப்போர். அவர் மாமியை எதிர்க்கவில்லை. நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தார், ஒரு கரண்டி கறி வாங்கிச் சாப்பிட்டார், மீனும் உள்ளியும் கீரையும் மிக நல்லது, இப்படிச் சமைத்துத் தர ஆள் இருப்பது அதிர்ஷ்டம் என்றார். பிறகு, இவ்வளவு நல்ல சாப்பாட்டுக்குத் தண்ணீரும் பப்பாசியும் சேர்ந்தால்தான் பால் வரும், மலச்சிக்கலும் வராது என்றார். மாமி அன்று மாலையே ஒரு போத்தல் சுடுதண்ணீரை என் பக்கத்தில் வைத்தார், தானே யோசித்த மாதிரி. மாமி, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் போய் எனக்காக மெழுகுதிரி கொளுத்தியதையும் இவர் சொல்லிவிட்டார்.

ராத்திரிக்கு இவர், கூடவே கீழ்வீட்டு ராத்தா. மூன்று பிள்ளை வளர்த்தவர், விடியச் சுபஹுக்கு எழும்பித் தொழுதுவிட்டு மேலே வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார், நான் இரண்டு மணித்தியாலம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவேன். அந்தத் தூக்கத்துக்கு விலை இல்லை. இவருடைய இன்னொரு வேலை வாசலில் நிற்பது. பிள்ளை பார்க்க வந்தவர்களை "இப்பத்தான் ரெண்டு பேரும் படுத்தவை" என்று பணிவாகத் திருப்பி அனுப்பியதில் சொந்தத்தில் சிலருக்குக் கோபம். கோபம் தீரட்டும், வந்து பாருங்கள்.

தாளில் இல்லாத ஒன்றும் வந்தது. காரணமே இல்லாமல் அழுகை. பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது, மனம் எதிலும் ஒட்டாது. "பிள்ளை என்ன நிறை?" என்று எல்லாரும் கேட்டார்கள். என் ஒபிஸ் சிநேகிதி மட்டும் போனில் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு, நான் "நல்லா இருக்கிறேன்" என்றதை நம்பாமல், மிஸ்சுக்குச் சொல்லு என்று இரண்டு நாள் விடாமல் துரத்தினாள். மிஸ் ஒரு கேள்வித்தாளை எடுத்தார். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்கும் பத்துக் கேள்விகள். எடின்பரோ கேள்வித்தாள் என்று பெயர், பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஸ்கொட்லாந்தில் உருவாக்கி 1987இல் வெளியிட்டது. புள்ளி கூடவாக வந்தது, டொக்டரிடம் அனுப்பினார், போனேன், இப்போது நன்றாக இருக்கிறேன். மாமியும் இவரும் "விசர்க் கதை" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மறைக்காமல் எழுதச் சொன்னதும் இவர்தான். யாருக்காவது இப்படி இருந்தால் தேசிய மனநல உதவி எண் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

கடைசியில் தம்பிக்கு. லீவு போட்டு அப்பாவோடு நின்று, பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்கு அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏற்றிவிட்டவன். அம்மா வந்து பேத்தியைத் தூக்குவதற்கு முன்பு பிரிட்ஜில் இருந்த தாளைத்தான் நின்று வாசித்தார்.

பிறகு ஒரு விஷயம். சாப்பாடு கொண்டுவந்த பெட்டிகள் இருபதுக்கு மேல் எங்கள் குசினியில் நிற்கின்றன, எது யாருடையது என்று எனக்கும் மாமிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நீல மூடிப் பெட்டிக்கு இரண்டு பேர் உரிமை கோருகிறீர்கள். ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்போம், வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.