நேர்கோட்டுக்கு ஷாக் கொடுக்கும் டாக்டர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மருத்துவ அபத்தங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலைகீழாக மாட்டிய எக்ஸ்ரே, காதில் திருப்பிச் செருகிய ஸ்டெதஸ்கோப், முகக்கவசம் போடாமல் ஆபரேஷன் தியேட்டரில் வசனம் பேசும் டாக்டர். படித்துவிட்டு நானும் சிரித்தேன். ஆனால் இவற்றால் பார்ப்பவர் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆளைக் காவு வாங்கக்கூடிய தவறுகள் வேறு இருக்கின்றன. கட்டுரையில் அவற்றைக் காணோம். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பவள் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாத் தொடரிலும் வரும் காட்சி இது. மானிட்டரில் கோடு நேராகிறது, நீளமாக ஒரு சத்தம். டாக்டர் ஷாக் கொடுக்கும் இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்து நெஞ்சில் வைக்கிறார். உடம்பு கட்டிலைவிட்டு எம்பி விழுகிறது, கோடு மறுபடி துள்ளத் தொடங்குகிறது. நேர்கோடு என்றால் இதயத்தில் மின்னோட்டமே இல்லை என்று அர்த்தம். அதற்கு ஷாக் கொடுத்துப் பயனில்லை. இதயம் தாறுமாறாக நடுங்கிக்கொண்டு, ரத்தத்தைத் தள்ள முடியாமல் இருக்கும்போது, அந்தக் குழப்பத்தை ஒரு கணம் அடக்கி, சொந்தத் துடிப்பு திரும்ப வழிவிடத்தான் ஷாக். நேர்கோட்டுக்கு மார்பை விடாமல் அழுத்த வேண்டும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் போட வேண்டும், இதயம் ஏன் நின்றது என்று தேட வேண்டும். பொது இடங்களில் வைக்கும், இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து ஷாக் தேவையா என்று சொல்லும் ஏ.இ.டி. கருவிக்குக்கூட இது தெரியும்: நேர்கோட்டைக் கண்டால் ஷாக் தேவையில்லை என்று சொல்லிவிடும். (தட்டுகளைத் தேய்ப்பதும் பழைய கதை. இப்போது பெரும்பாலும் நெஞ்சில் ஒட்டும் பேடுகள்தான்.)

சீரியல்தானே, விடுங்கள் என்பீர்கள். ஒருமுறை ஒரு பெரியவருக்கு மார்பை அழுத்திக்கொண்டிருந்தோம். 2 நிமிடத்துக்கு மேல் ஒருவரே அழுத்தினால் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும் என்பதால் ஆள் மாறி மாறிச் செய்வோம். என் முறை வந்தபோது, கதவிடுக்கில் நின்ற மகன் மானிட்டரைப் பார்த்துக் கத்தினார்: "கோடு நேராப் போகுது, ஷாக் வைக்காம என்ன பண்றீங்க?" எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பதில் சொல்ல எனக்கு வழியில்லை. பெரியவர் பிழைக்கவில்லை. பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார், மகனும் தலையாட்டினார். ஆனாலும் செய்ய வேண்டியதை இவர்கள் செய்யவில்லை என்ற எண்ணத்தோடுதான் அவர் போயிருப்பார் என்று தோன்றுகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் எபிசோடு அவருக்கு வேறு பாடம் நடத்தியிருக்கிறது.

பிழைப்பவர்களின் கணக்கும் அப்படித்தான். 'இ.ஆர்.' உள்ளிட்ட மூன்று அமெரிக்க நிகழ்ச்சிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சி.பி.ஆர். (மார்பை அழுத்தி உயிரை மீட்கும் முயற்சி) செய்யப்பட்டவர்களில் 75 சதவீதம் பேர் திரையில் அப்போதைக்குப் பிழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், குழந்தைகள். நிஜத்தில் எங்களிடம் வருவோரில் அதிகம் வயதான இதய நோயாளிகள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்துக்கு ஒருவர் உயிரோடு வீடு திரும்பினாலே நல்ல கணக்கு. அவர்களும் கண்ணைத் திறந்ததும் "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்பதில்லை. இதயம் திரும்பிய பிறகுதான் ஐ.சி.யூ., வென்டிலேட்டர், மூளை எந்த அளவுக்குத் தப்பியது என்ற காத்திருப்பு எல்லாம் ஆரம்பம்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது திரையில் காட்டாமல் விடும் பகுதி. வீட்டில் ஒருவர் சரிந்து விழுகிறார். எல்லோரும் அலறுகிறார்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அடுத்த காட்சியில் ஸ்ட்ரெச்சர் ஓடுகிறது. நடுவில் வெட்டப்பட்ட அந்த நிமிடங்களில்தான் பாதி முடிவாகிவிடுகிறது. உதவி எதுவும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கும். அந்த நேரத்தில் சிலர் வாயைத் திறந்து விட்டுவிட்டு இழுப்பார்கள், குறட்டை போலச் சத்தம் வரும். "மூச்சு இருக்குப்பா" என்று சுற்றியிருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். அது மூச்சே இல்லை, இதயம் நின்றதன் அடையாளம். நான் பார்த்த ஒரு தொடரிலும் இது வந்ததில்லை.

அபூர்வமாக யாராவது மார்பை அழுத்தினாலும் முழங்கையை மடக்கி, மாவு பிசைவது போல அழுத்துகிறார்கள். காரணம் புரிகிறது. இதயம் நன்றாகத் துடிக்கும் நடிகரின் நெஞ்சை நிஜமாக அழுத்தினால் விலா எலும்பு போய்விடும். அதற்குப் பொம்மை இருக்கிறது. நடிகரின் முகத்தை ஒரு ஷாட்டில் காட்டிவிட்டு, அடுத்ததில் பொம்மையின் மேல் கைகளை மட்டும் காட்டலாம்: முழங்கை நேராக, 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இருபது விநாடி போதும்.

வலிப்பு வந்தவர் வாயில் கரண்டியைத் திணிப்பது, குத்திய கத்தியை ஹீரோவே பிடுங்கி எறிவது பற்றியெல்லாம் தனிக் கடிதமே எழுதலாம். இரண்டையும் செய்யவே கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டாக்டர்கள் அழகாக இருக்கட்டும், ஆபரேஷனுக்கு நடுவில் காதலிக்கட்டும். கதை கதைதான். யாராவது விழுகிற காட்சி எடுக்கிற அன்றைக்கு மட்டும், முதலுதவிப் பயிற்சி தரும் ஒருவரைத் தளத்துக்குக் கூப்பிடச் சொல்லி உங்கள் இதழ் தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டும். எந்தத் தொடராவது சரியாகக் காட்டினால், பெயரைப் போட்டே பாராட்டி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்